சுழலும் முக்கோணம்

நுழையும் முன்

புதிய வண்டி வாங்கும் வீடுகளில் முதலில் எழும் வினா, ‘ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்பதே. விரைவுக் கார் வாங்குவோர் இவ்வினாவைக் கேட்பதில்லை என்று நாம் எண்ணுவதுண்டு. ஆனால், உலகப் புகழ்பெற்ற விரைவுக் கார் ஒன்றின் வரலாற்றை இவ்வினாவே எழுதியிருக்கிறது. ஓர் எஞ்சினின் வடிவம் எரிபொருள் செலவை எவ்வாறு தீர்மானிக்கிறது, அச்செலவு ஒரு நிறுவனத்தை எவ்வாறு அழிவின் விளிம்பு வரை கொண்டுசென்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நின்று திரும்பும் பிஸ்டன்

நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல் வண்டிகளுள் பெரும்பாலானவை பிஸ்டன் எஞ்சினால் இயங்குபவை. உருளை வடிவச் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்து ஆற்றல் பெறுதல், கழிவு வாயுவை வெளியேற்றுதல் என்னும் நான்கு வேலைகளை அது அடுத்தடுத்துச் செய்கிறது. இந்நான்கும் முடிவதற்குள் எஞ்சினின் தண்டு இருமுறை சுற்றிவிடுகிறது.

இவ்வியக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மேலே சென்ற பிஸ்டன் கீழே வருவதற்கு முன் ஒரு கணம் நின்றாக வேண்டும். கீழே வந்தது மேலே செல்வதற்கு முன்னும் அவ்வாறே. தண்டு நிமிடத்திற்கு 6000 முறை சுற்றும்போது, ஒரு பிஸ்டன் ஒரு நொடியில் 200 முறை நின்று திரும்புகிறது. கிணற்றில் நீர் இறைப்பவர் வாளியை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்புவதைப் போன்றது இது. ஏற்றம் இறைப்பதற்கு மாறாகச் செக்கைப் போல ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும் எஞ்சினைச் செய்ய இயலாதா என்னும் வினா, பொறியாளர் பலரை நெடுங்காலம் உறங்கவிடவில்லை.

அவர்களுள் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெல். 1902ஆம் ஆண்டு பிறந்த இவர், என்.எஸ்.யு. என்னும் ஜெர்மானிய நிறுவனத்துடன் இணைந்து பணியாற்றினார். இவருடைய சுழல் எஞ்சினின் முதல் மாதிரி 1957இல் இயங்கியது. இன்று நாம் காணும் எளிய வடிவத்தை அதற்குத் தந்தவர் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. எனினும், வழங்கும் பெயர் வாங்கெலுடையதாகவே நிலைத்துவிட்டது.

சுழல் எஞ்சின் இயங்கும் முறை

நடுவில் சற்றே இடுங்கிய முட்டை வடிவில், ஏறத்தாழ நிலக்கடலை ஓட்டைப் போன்ற ஓர் அறையை மனத்தில் கொள்க. அதனுள் பக்கங்கள் சற்று வெளிநோக்கிப் புடைத்த ஒரு முக்கோணம் இருக்கிறது. இதற்குச் சுழலி என்று பெயர். சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் அறையின் சுவரைத் தொட்டபடியே நகர்கின்றன. ஆகவே, சுவருக்கும் சுழலிக்கும் இடையே மூன்று தனித்தனி இடைவெளிகள் உண்டாகின்றன. சுழலி நகர நகர ஒவ்வோர் இடைவெளியும் விரிந்து, சுருங்கி, மீண்டும் விரிந்து, மீண்டும் சுருங்குகிறது. முதல் விரிவில் கலவை உள்ளே வருகிறது. முதல் சுருக்கத்தில் அழுத்தப்படுகிறது. தீப்பொறி பட்டதும் எரிந்து விரிகிறது. இறுதிச் சுருக்கத்தில் கழிவு வாயு வெளியேறுகிறது. பிஸ்டன் செய்யும் அதே நான்கு வேலைகள்தாம். ஆனால் இங்கு எதுவும் நின்று திரும்புவதில்லை.

சுழலி ஒருமுறை சுற்றும்போது நடுத்தண்டு மும்முறை சுற்றுகிறது. சுழலியின் மூன்று பக்கங்களும் ஒரு சுற்றில் தலா ஒருமுறை ஆற்றல் தருவதால், தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆற்றல் துடிப்புக் கிடைக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே ஆற்றல் தரும் என்பதை நினைவிற்கொண்டால், சிறிய சுழல் எஞ்சின் பெரிய எஞ்சினுக்கு ஈடாக உழைப்பதன் காரணம் விளங்கும். வாயு உள்ளே வருவதற்கும் வெளியேறுவதற்கும் சுவரில் துளைகளே போதும். அவற்றைச் சுழலியே திறந்து மூடிக்கொள்கிறது. வால்வு இல்லை, வால்வைத் தள்ளும் தண்டும் இல்லை. எடையும் குறைவு, அதிர்வும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத எஞ்சின் இது!

ஹிரோஷிமாவின் நாற்பத்தெழுவர்

ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் டோயோ கோக்யோ என்னும் நிறுவனம் இருந்தது. மாஸ்டா என்னும் பெயரில் வண்டிகளைச் செய்த இந்நிறுவனம், 1984இல் அப்பெயரையே தன் பெயராகவும் ஏற்றுக்கொண்டது. 1945இல் அந்நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, இடையில் ஒரு சிறு குன்று இருந்தமையால் அதன் தொழிற்சாலை முழு அழிவிலிருந்து தப்பியது. ஹிரோஷிமா மாநில அரசின் அலுவலகங்கள் சில காலம் அந்நிறுவனத்தின் கட்டடத்திலேயே இயங்கின. அவ்வாண்டு டிசம்பரிலேயே மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள் மீண்டும் அங்கே உருவாகத் தொடங்கின. நகரம் மீண்டெழுந்த கதையும் நிறுவனம் மீண்டெழுந்த கதையும் அங்குள்ளோருக்கு வேறுவேறல்ல.

1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு, சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றுடன் இணைத்துவிட எண்ணியது. பிறரிடம் இல்லாத ஒரு தொழில்நுட்பம் கையில் இருந்தால்தான் தனித்து வாழ முடியும் என்று கருதினார் நிறுவனத் தலைவர் சுனெஜி மட்சுடா. 1961இல் என்.எஸ்.யு. நிறுவனத்திடமிருந்து சுழல் எஞ்சினுக்கான உரிமத்தைப் பெற்றார். 1963இல் இதற்கெனத் தனி ஆய்வுத்துறை அமைந்தது. அதன் தலைவர் கெனிச்சி யமமோட்டோ. அவரும் குழுவினரும் சேர்ந்து 47 பேர். தம் தலைவனுக்காக உயிர்நீத்த நாற்பத்தேழு வீரர்களின் கதை ஜப்பானில் குழந்தைகளும் அறிந்தது. அதனால் இக்குழுவினருக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அவர்களை முதலில் எதிர்கொண்டது எரிபொருள் செலவு அன்று, கீறல். சுழலியின் முனைகளில் வாயு கசியாமல் காக்க மெல்லிய அடைப்புப் பட்டைகள் உண்டு. இவற்றை முனைப்பட்டைகள் என்போம். எஞ்சின் வேகமாகச் சுழன்றபோது இப்பட்டைகள் அதிர்ந்து, அறையின் பளபளப்பான சுவரில் அலையலையாகக் கோடுகளை இழுத்தன. இக்கோடுகளுக்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் ‘பிசாசின் நகக்கீறல்’. கீறல் விழுந்த சுவரில் பட்டை சரியாகப் பொருந்தாது, வாயு கசியும், எஞ்சின் வலுவிழக்கும்.

கம்பியின் நீளமும் எடையும் மாறினால் வீணையின் ஒலி மாறுவதை நாம் அறிவோம். ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. முனைப்பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதன் அதிர்வெண்ணை மாற்றியபோது கீறல் மறைந்தது. ஆனால் அத்தகைய பட்டையைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்வது எளிதன்று. இறுதியில் கார்பனுடன் அலுமினியத்தைச் சேர்த்துச் செய்த பட்டை கைகொடுத்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்னும் இரு இருக்கை விரைவுக் கார் விற்பனைக்கு வந்தது. அதன் எஞ்சினில் தலா 491 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு சுழலிகள் இருந்தன. ஒரு லிட்டரையும் எட்டாத அந்த எஞ்சின் 110 குதிரைத்திறனை அளித்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் தடத்தில் நடைபெற்ற 84 மணி நேரப் போட்டியில் இந்தக் கார் நான்காம் இடம் பெற்றது.

என்.எஸ்.யு. நிறுவனம் அதே 1967இல் வெளியிட்ட ரோ 80 என்னும் காருக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. அழகிய அக்காரின் முனைப்பட்டைகள் விரைவில் தேய்ந்தன. எஞ்சினை மாற்றித் தருவதே நிறுவனத்திற்குப் பெருஞ்செலவாயிற்று. எதிரெதிரே வரும் ரோ 80 காரோட்டிகள் விரல்களை உயர்த்தி, இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வார்களாம்! 1969இல் அந்நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்திற்குள் அடங்கிவிட்டது.

டம்ளரும் டவராவும்

இனி, இப்பாடத்தின் முதன்மையான வினாவிற்கு வருவோம். இத்தனை சிறப்புகள் கொண்ட சுழல் எஞ்சின் ஏன் மிகுதியாகப் பெட்ரோலைக் குடிக்கிறது?

சூடான காப்பி டம்ளரில் இருக்கும்போது நெடுநேரம் ஆறுவதில்லை. அதையே அகன்ற டவராவில் ஊற்றினால் விரைவில் ஆறிவிடுகிறது. காப்பியின் அளவு மாறவில்லை. அது காற்றையும் பாத்திரத்தையும் தொடும் பரப்புத்தான் மிகுந்துவிட்டது. பிஸ்டன் எஞ்சினில் கலவை எரியும் இடம் டம்ளரின் அடிப்பகுதியைப் போலக் கச்சிதமானது. சுழல் எஞ்சினில் அவ்விடம் நீண்டு, ஒடுங்கி, தட்டையாக இருக்கிறது. எரியும் வாயு மிகப் பெரிய பரப்பில் உலோகச் சுவரைத் தொடுகிறது. தண்டைச் சுழற்ற வேண்டிய வெப்பத்தின் ஒரு பங்கு சுவருக்குள் சென்று, அங்கிருந்து குளிர்விக்கும் நீருக்குச் சென்று, வீணாகிறது. எரிபொருளுக்கு நாம் தரும் விலை வெப்பத்திற்குத் தரும் விலையே என்பதால், இவ்விழப்பு நேராகப் பணப்பையில் தெரிகிறது.

இரண்டாவது காரணம் இதனினும் நுண்ணியது. எரியும் இடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சுழலியுடன் சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. தீப்பிழம்பு சுழலி செல்லும் திசையில் எளிதாகப் பரவுகிறது. பின்புறம் உள்ள ஒடுங்கிய மூலையை அது முழுமையாக எட்டுவதில்லை. குளிர்ந்த சுவரை அடுத்த மெல்லிய படலத்திலும் தீ அணைந்துவிடுகிறது. எனவே, கொஞ்சம் பெட்ரோல் எரியாமலேயே வெளியேறுகிறது. இதனை ஓரளவு சரிசெய்யவே ஒரு சுழலிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு ஸ்பார்க் பிளக்குகளைப் பொருத்துகின்றனர்.

மூன்றாவதாகக் கசிவு. பிஸ்டனைச் சுற்றி வட்ட வளையங்கள் உள்ளன; வட்டத்தை அடைப்பது எளிது. சுழலிக்கோ மூன்று முனைகள், இரண்டு பக்கங்கள், அவை சந்திக்கும் மூலைகள் என அடைக்க வேண்டிய இடங்கள் பல. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வாயு கசிவதற்கு நேரம் மிகுதியாகக் கிடைக்கிறது; வேகமாகச் சுழலும்போது கசிவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. நெரிசலான நகரச் சாலையில் மெல்ல ஊர்ந்து செல்லும் சுழல் எஞ்சின்தான் மிகவும் வீண்செலவு செய்யும். பந்தயத் தடத்தில் அதன் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. இக்கருத்தை நினைவில் இருத்துங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

இவற்றுடன், முனைப்பட்டைகள் தேயாதிருக்கச் சிறிதளவு எண்ணெயை எரியும் அறைக்குள்ளேயே செலுத்த வேண்டும். அதனால் எஞ்சின் எண்ணெயும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும்.

எண்ணெய் நெருக்கடி

1970இல் அமெரிக்கா காற்று மாசைத் தடுக்கக் கடுமையான சட்டம் இயற்றியது. எரியாத பெட்ரோலை வெளியேற்றும் சுழல் எஞ்சின் இதில் தேறாது என்றே பலரும் கருதினர். டோயோ கோக்யோ பொறியாளர்கள் மாற்று வழி கண்டனர். வெளியேறும் கழிவு வாயுவை மற்றொரு சூடான அறைக்குள் செலுத்தி, எஞ்சிய பெட்ரோலை அங்கே எரித்துவிட்டனர். புகை தூய்மையாயிற்று. ஆனால், அந்த இரண்டாம் அறையில் தீ அணையாமல் இருக்க வேண்டுமானால், தேவைக்கு மேல் பெட்ரோல் கலந்த செறிவான கலவையை எஞ்சினுக்கு ஊட்ட வேண்டியிருந்தது. அதாவது, வாங்கிய பெட்ரோலில் ஒரு பகுதி வண்டியை ஓர் அங்குலமும் நகர்த்தாமல், புகையைத் தூய்மையாக்குவதற்கென்றே எரிந்தது. பெட்ரோல் மலிவாக இருந்தவரை இதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. பொறியியல் நோக்கில் இது ஒரு கெட்டிக்காரத் தீர்வு என்பதையும், கடன் வாங்கிக் கடனை அடைப்பது போன்ற தீர்வு என்பதையும் நாம் ஒருசேர ஒப்புக்கொள்ள வேண்டும்.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தன. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் ஏறத்தாழ 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. அவ்வேளையில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கார்களின் எரிபொருள் செலவை அளந்து வெளியிட்டது. சுழல் எஞ்சின் பூட்டிய மாஸ்டா கார் ஒரு காலனுக்கு 10 முதல் 11 மைல் மட்டுமே ஓடுவதாக அதில் கண்டிருந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். அச்சோதனை நகர ஓட்டத்தை மட்டுமே ஒத்தது என்று நிறுவனம் மறுத்துரைத்தது. மறுப்பை யார் படிக்கிறார்கள்? எண் மட்டுமே மக்கள் மனத்தில் நின்றது.

விற்பனை சரிந்தது. விற்காத கார்கள் குவிந்தன. கடன் சுமையால் தள்ளாடிய நிறுவனத்தைக் காக்க சுமிடோமோ வங்கி முன்வந்தது. தொழிற்சாலையில் திருகு முடுக்கிய தொழிலாளர்கள் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, வீடு வீடாகச் சென்று கார் விற்றனர். ஹிரோஷிமாவில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இந்த எஞ்சினை நம்பி எரிந்துகொண்டிருந்தது. உலகின் பிற நிறுவனங்கள் இதற்குள் பின்வாங்கிவிட்டன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சுழல் எஞ்சின் திட்டத்தை 1974இல் நிறுத்திவைத்தது. அது பின்னர் உயிர்பெறவே இல்லை. பிரான்சின் சிட்ரோயன், தான் விற்ற சில நூறு சுழல் எஞ்சின் கார்களைத் திரும்ப வாங்கி அழித்துவிடவே முயன்றது.

டோயோ கோக்யோவும் அவ்வாறு கைவிட்டிருக்கலாம். கைவிட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். யமமோட்டோவின் குழு, எரிபொருள் சிக்கனத்தை 40 விழுக்காடு உயர்த்துவது என்று இலக்கு வகுத்துக்கொண்டது. சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் ஃபீனிக்ஸ் பறவையின் பெயரே அத்திட்டத்திற்கு இடப்பட்டது. சாம்பலிலிருந்து எழுந்த நகரத்திற்கு அப்பெயர் பொருத்தமே.

வீண் எங்கெல்லாம் நிகழ்கிறது என்று அவர்கள் ஒவ்வோர் இடமாகத் தேடினர். முனைப்பட்டைகளின் பொருத்தம் சீராக்கப்பட்டது, கசிவு குறைந்தது. இரண்டாம் அறைக்குச் செல்லும் காற்றை, வெளியேறும் வாயுவின் வெப்பத்தைக் கொண்டே முன்கூட்டிச் சூடாக்கினர். அதனால் கலவையில் பெட்ரோலைக் குறைக்க முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த அறையே நீக்கப்பட்டு, வினையூக்கியால் புகையைத் தூய்மையாக்கும் கருவி அதன் இடத்தைப் பெற்றது. செறிவான கலவைக்கு இனித் தேவையில்லை. உள்ளிழுக்கும் துளைகளின் எண்ணிக்கையையும் மாற்றினர். மெதுவான ஓட்டத்தில் சிலவும், முழு வேகத்தில் அனைத்தும் திறக்குமாறு அமைத்தனர். இவற்றுள் எதுவும் தனியே பெரும் புதுமை அன்று. எல்லாம் சேர்ந்தபோது இலக்கு கைகூடியது.

விரைவுக் காரில் அடைக்கலம்

எஞ்சின் திருந்தியது. ஆனால் அதை எந்த வண்டியில் பூட்டுவது? குடும்பக் கார் வாங்குவோர் எரிபொருள் செலவை நாள்தோறும் கணக்கிடுவர். விரைவுக் கார் வாங்குவோரும் கணக்கிடுவர்தாம். எனினும், சிறிய எடை குறைந்த எஞ்சின் தரும் நன்மை அவர்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும். 1978இல் வெளிவந்த ஆர்.எக்ஸ்-7 இந்தச் சிந்தனையின் விளைவு. எஞ்சின் சிறியது என்பதால் அதை முன்சக்கர அச்சுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளி வைக்க முடிந்தது. முன்புறமும் பின்புறமும் எடை ஏறத்தாழச் சமமாயிற்று; வளைவுகளில் கார் சொன்னபடி திரும்பியது. முன்முகப்பு தாழ்ந்து, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் பெற்றது. விளக்குகள் கூடப் பகலில் உள்ளே மடங்கிக்கொண்டன. காரின் மொத்த எடை ஒரு டன் அளவிலேயே நின்றது.

இங்கு ஓர் உண்மை புலப்படுகிறது. எரிபொருள் சிக்கனம் எஞ்சினுக்குள் மட்டும் இருப்பதன்று. எடையைக் குறைத்தாலும், காற்றின் தடையைக் குறைத்தாலும் அது கிடைக்கும். எஞ்சினின் வெப்ப இழப்பை முழுமையாக வெல்ல இயலாதவர்கள், அதன் சிறிய வடிவத்தைக் கொண்டே அந்த இழப்பின் ஒரு பகுதியை வண்டியின் பிற பாகங்களில் ஈடுகட்டினர். முதல் தலைமுறை ஆர்.எக்ஸ்-7 கார்கள் 4 இலட்சத்துக்கும் மேல் உருவாயின. யமமோட்டோ 1984இல் நிறுவனத்தின் தலைவரானார்.

அளந்து கொடுத்த பெட்ரோல்

பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயம் புகழ்மிக்கது. 1991ஆம் ஆண்டுப் போட்டியில் மாஸ்டாவின் 787பி என்னும் கார் கலந்துகொண்டது. அது சேர்ந்த பிரிவில் வேகத்திற்கு வரம்பு இல்லை. எரிபொருளுக்கு வரம்பு உண்டு. 24 மணி நேரத்திற்கும் சேர்த்து ஒரு காருக்கு 2550 லிட்டர் மட்டுமே. பெட்ரோலை விழுங்கும் எஞ்சின் என்று பெயர் வாங்கிய ஒன்று, அளந்து கொடுத்த பெட்ரோலில் ஓட வேண்டிய பந்தயம் அது!

காரில் நான்கு சுழலிகள் கொண்ட எஞ்சின்; ஏறத்தாழ 700 குதிரைத்திறன். ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. பின்மூலையில் எரியாது எஞ்சும் பெட்ரோலைப் பற்றி முன்பு படித்தோமல்லவா, அதற்கான விடை இது. முனைப்பட்டைகள் பீங்கான் வகைப் பொருளால் ஆனவை. காற்று செல்லும் குழாய்கள், எஞ்சினின் வேகத்திற்கேற்பத் தாமாக நீளும், சுருங்கும். பந்தய விதிகளும் இக்காருக்கு ஒரு சலுகை அளித்திருந்தன. போட்டியாளர்களான மெர்சிடிஸ், ஜாகுவார் கார்கள் 1000 கிலோ எடை சுமக்க வேண்டியிருக்க, மாஸ்டாவுக்கு 830 கிலோ போதும். இச்சலுகையை மறைத்து வெற்றியை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

7.4 லிட்டர் எஞ்சின் கொண்ட ஜாகுவார் கார்கள், தரப்பட்ட பெட்ரோல் தீர்ந்துவிடாதிருக்க வேகத்தை அடக்கி ஓட நேர்ந்தது. மாஸ்டா ஓட்டுநர்களுக்கு அந்தக் கவலை குறைவு. முன்னணியில் இருந்த மெர்சிடிஸ், போட்டி முடிய ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருக்கையில் பழுதாகி நின்றது. ஃபோல்க்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ராண்ட் காஷோ ஆகிய மூவர் மாறி மாறி ஓட்டிய 55ஆம் எண் கார் 362 சுற்றுகளை முடித்து முதலிடம் பெற்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அப்பந்தயத்தை வென்றது அதுவே முதன்முறை. இறுதிச் சுற்றுகளை ஓட்டிய ஹெர்பர்ட், களைப்பும் நீரிழப்பும் மேலிட வெற்றி மேடை ஏற முடியாமல் மருத்துவ உதவி பெற்றார்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர், 362 சுற்றுகள் ஏறத்தாழ 4,923 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 205 கிலோமீட்டர். 2550 லிட்டர் முழுவதும் செலவானதாகக் கொண்டாலும், லிட்டருக்கு 1.9 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நம் வீட்டு வண்டியுடன் ஒப்பிட்டால் இது நகைப்பிற்குரிய எண். 700 குதிரைத்திறன் கொண்ட வண்டி, ஓர் இரவும் பகலும் அவ்வேகத்தில் ஓடியதற்கு இது சிக்கனமே. வேகமாகவும் ஒரே சீராகவும் சுழலும்போது கசிவும் வெப்ப இழப்பும் குறையும் என்று முன்னர்க் கண்டது இங்கே மெய்ப்பட்டது. மாஸ்டா வென்றதனால் சினந்து சுழல் எஞ்சினைத் தடைசெய்துவிட்டனர் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று, 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின்களையே ஏற்கும் விதி மாற்றம் அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

துளையின் இடம்

2003இல் வந்த ஆர்.எக்ஸ்-8 காரில் ரெனெசிஸ் என்னும் எஞ்சின் இருந்தது. பழைய எஞ்சின்களில் கழிவு வாயு வெளியேறும் துளை, அறையின் சுற்றுச்சுவரில் இருந்தது. அங்கே உள்ளிழுக்கும் துளையும் வெளியேற்றும் துளையும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருக்கும்; கழிவு வாயு புதிய கலவையுடன் கலந்துவிடும். ரெனெசிஸில் வெளியேற்றும் துளையைப் பக்கச்சுவருக்கு மாற்றினர். இரண்டும் ஒருசேரத் திறக்கும் நிலை ஒழிந்தது. பின்மூலையில் எரியாது நின்ற பெட்ரோலும் வெளியே தள்ளப்படாமல், அடுத்த முறை எரிவதற்கு உள்ளேயே தங்கியது. ஒரு துளையை இடம் மாற்றியதில் இத்தனை பயன்! அவ்வாண்டு உலகின் சிறந்த எஞ்சினுக்கான பரிசு இதற்குக் கிடைத்தது.

ஆயினும், நீண்டு தட்டையான அந்த அறையின் வடிவம் மாறவில்லை. அமெரிக்கச் சோதனைக் கணக்கின்படி ஆர்.எக்ஸ்-8 லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அளவிலேயே ஓடியது. அதே காலத்துப் பிஸ்டன் எஞ்சின் விரைவுக் கார்கள் இதைவிட முன்னேறிவிட்டன. ஐரோப்பாவின் புதிய புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2010இல் அங்கு விற்பனை நின்றது. 2012 ஜூனில் உற்பத்தியே நின்றது.

பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 2023இல், சுழல் எஞ்சின் வேறொரு வேலைக்குத் திரும்பியது. மாஸ்டாவின் எம்.எக்ஸ்-30 காரின் ஒரு வகையில் சக்கரங்களை மின்மோட்டாரே சுழற்றுகிறது. 830 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றைச் சுழலி எஞ்சின், மின்கலத்திற்கு மின்சாரம் ஆக்கித் தருவதோடு சரி. சக்கரத்துடன் தொடர்பு இல்லாமையால், சாலை நெரிசலுக்கேற்ப அது ஊர வேண்டியதில்லை. தனக்கு ஏற்ற வேகத்தில் சுழலலாம். சிறிய உருவம் என்பதால், மின்மோட்டாருக்கு அருகிலேயே இடம் பிடித்துக்கொள்கிறது. 2023 அக்டோபரில் டோக்கியோவில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஐகானிக் எஸ்.பி. என்னும் மாதிரி விரைவுக் காரிலும் இரண்டு சுழலிகள் இதே வேலைக்கெனப் பொருத்தப்பட்டிருந்தன.

சொல்லும் பொருளும்

இடுங்கிய – ஒடுங்கிய. உரிமம் – செய்வதற்குப் பெறும் அனுமதி. அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. செறிவான – அடர்த்தியான. விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு. புலப்படுதல் – தெளிவாகத் தெரிதல்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நகக்கீறல், முனைப்பட்டை, பணப்பை, தீப்பிழம்பு.

2. நடுத்தண்டு நிமிடத்திற்கு 9000 முறை சுற்றினால் சுழலி எத்தனை முறை சுற்றும்? கணக்கிட்டு எழுதுக.

3. டம்ளர், டவரா உவமை எந்த அறிவியல் கருத்தை விளக்கப் பயன்படுகிறது? இதே கருத்திற்கு உம் வீட்டிலிருந்து வேறோர் எடுத்துக்காட்டுத் தருக.

4. புகையைத் தூய்மையாக்கும் முயற்சி எரிபொருள் செலவை உயர்த்தியது எவ்வாறு? ஐந்து வரிகளில் விடையளிக்க.

5. நகர நெரிசலில் வீண்செலவு செய்யும் எஞ்சின், அளந்து கொடுத்த பெட்ரோலில் பந்தயத்தை வென்றது முரணா? பாடப்பகுதியிலிருந்து சான்று காட்டி வகுப்பில் கலந்துரையாடுக.